மீட்டர் ஓடின வண்டி

ஸ்போர்ட்ஸ் கார் வாங்குற ஆளுக்கு கடைமடை விவசாயி என்ன யோசனை சொல்ல முடியும்னு நீங்க சிரிக்கலாம். பிரான்ஸ்ல இருக்கிற அக்கா பையன் அதைத்தான் கேட்டான். (1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊர். காரைக்கால்ல பிரான்ஸ் உறவு இல்லாத தெரு குறைவு.) அவன் பார்த்து வச்சிருக்கிறது பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5. ரெண்டே சீட்டு, கூரையை மடக்கிக்கலாம். 1,80,000 கிலோமீட்டர் ஓடினது, விலை 6,500 யூரோ. கையில இருக்கிறதே 7,000. அதுலயும் 1,000 அக்கா வீட்டுக் கூரை வேலைக்கு அனுப்புறதா சொன்ன பணம்.

"மிச்சம் 500 இருக்கே மாமா, ரிப்பேருக்குப் போதாதா?"ங்கிறான்.

நான் டிராக்டர் நோட்டை எடுத்துப் படிச்சேன். 5,400 மணி நேரம் ஓடின வண்டி. கையில 4 லட்சம் இருந்தும், 3,10,000க்குள்ள வர்ற வண்டியா பார்த்து முடிச்சு, 90,000ஐ தனியா வச்சேன். முதல் வருஷமே கிளட்ச், பின் டயர் ரெண்டு, முன் ஆக்சில் சீல்னு 74,000 போச்சு. சேத்துழவு ஓட்டின வண்டியில சீலைத் தாண்டி சேறு உள்ளே ஏறத்தான் செய்யும். மேட்டூர் தண்ணி எங்க வாய்க்காலுக்கு வர்றப்போ எல்லாருக்கும் ஒரே நேரத்துல உழவு. அப்போ காசில்லாம வண்டி பட்டறையில நின்னா, வாடகை டிராக்டரும் கிடைக்காது.

மீட்டரை நம்பாதே மாப்ளே, பில்லைக் கேளு. டைமிங் பெல்ட் எப்போ மாத்தினாங்க? கிளட்ச்? டயர் பட்டன் நல்லா இருந்தாலும் பக்கவாட்டுல நாலு இலக்கம் பாரு. 2314னா 2014ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. பில் இல்லாத ஒவ்வொண்ணையும் நாளைக்கே மாத்துற செலவா எழுதிக் கூட்டு. அதையும் கூரைப் பணத்தையும் கழிச்சா நிக்கிறதுதான் வண்டிக்கான காசு.

துருதான் பெரிய செலவு. இங்கே கடல்காத்து டிரெய்லர் தகட்டைத் தின்னுற மாதிரி, அங்கே பனிக்காலத்துல ரோட்டுல போடுற உப்பு அடித்தகட்டைத் தின்னும். இன்ஜினைக் கழட்டிப் பூட்டிடலாம்; ஓட்டை விழுந்த பாடியை வெட்டித்தான் ஒட்டணும். பிரான்ஸ்ல 4 வருஷத்துக்கு மேலான காரை விக்கிறவர், 6 மாசத்துக்குள்ள எடுத்த சோதனை ரிப்போர்ட்டைக் கொடுக்கணும். இவன் அதை வாங்கவே இல்லை.

மறுநாள் வாங்கிப் படிச்சுட்டுக் கூப்பிட்டான். பின்பக்க அடித்தகட்டுல துருன்னு போட்டிருக்காம். 4,500க்கு இறங்கினா பேசு, இல்லேன்னா விட்டுடுன்னேன்.