மடைக்கு கிரீஸ் பூசியவர்

ஆடி மாதம் தென்காசியில் வந்து இறங்குகிறவர்கள் முதலில் மேற்கே அண்ணாந்து பார்க்கிறார்கள். மலை தெரிகிறதா, சாரல் உண்டா, பேரருவியில் குளிக்க விடுகிறார்களா என்பதெல்லாம் பேருந்து நிலைய டீக்கடையிலேயே தெரிந்துவிடும். நான் குற்றாலம் பேருந்துக்கு முண்டியடித்த கூட்டத்தைத் தாண்டி இலத்தூர் போகும் பேருந்தில் ஏறினேன். சொந்தக்காரர் வீட்டில் விசேஷம். அதை முடித்துக்கொண்டு அருவிக்குப் போகலாம் என்று எண்ணம்.

இலத்தூர் செங்கோட்டை வட்டாரத்து ஊர். இந்த வட்டாரம் 1956 நவம்பர் 1-ல்தான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதும் இவர்கள் விலாசத்தில் திருநெல்வேலி போய்த் தென்காசி வந்தது. ஊருக்குப் பெருமை மதுநாத சுவாமி கோயில். அகத்தியர் புளியமரத்தடியில் மணலால் லிங்கம் பிடித்து வணங்கினார், மேலே இருந்த கூட்டிலிருந்து தேன் சொட்டியது என்பது தலபுராணம். இங்குள்ள சனீஸ்வரனைக் கும்பிடச் சனிக்கிழமைகளில் வெளியூர்க்காரர்களும் வருகிறார்கள்.

விசேஷ வீட்டுப் பந்தியில் அவியலும் சொதியும் கொஞ்சம் அதிகமாகிவிட்டன. உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று குளத்துப் பக்கம் நடந்தேன். நெல்லைச் சீமையில் ஏரி என்று சொல்ல மாட்டார்கள், குளம்தான். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் கிடந்தாலும் குளம். கரைமேல் பனைகள். உள்பக்கம் ஓரத்தில் அமலைச்செடி அடைந்து கிடக்க, அதன்மேல் நாமக்கோழிகள் தரையில் நடப்பதுபோல நடந்தன. வெளிப்பக்கம் கார் நெல் பச்சை கட்டியிருந்தது. வெயிலும் சாரலும் மாறி மாறி வந்தன. குடையை விரிப்பதற்குள் சாரல் போய்விடும்.

மடை அருகே நின்றுவிட்டேன். பழைய கல்மடையின் இரண்டு தூண்களும் குறுக்குக் கல்லும் அப்படியே இருந்தன. அதை ஒட்டி இரும்பு ஷட்டர். அதன் திருகுத்தண்டில் புது கிரீஸ். விரலால் பூசியிருக்கிறார்கள், மரைகளுக்குள்ளே விரல்தடம் தெரிந்தது. தண்டின் தலையில் மழைத்தண்ணீர் இறங்காமலிருக்க ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் வாய்ப்பக்கத்தை வெட்டிவிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்து, தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கக் கட்டியிருந்தது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், “இது யார் வேலை அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“நாந்தான். இது இறுகிப் போச்சுன்னா குளம் பெருகுத நேரத்துல நாலு ஆளு சேந்தாலும் தெறக்க முடியாது தம்பி. ஐப்பசில போயி பூசுனா ஒட்டாது, தண்டு நனைஞ்சிரும். அதான் ஆடிலயே பூசிருதது.”

“இதுக்குத் துட்டு யார் தருவா?”

“கிரீசுக்கு என்ன பெரிய துட்டு? ஒர்க்‌ஷாப்புல கேட்டா ஒரு டப்பா தந்துருவான்.”

பேச்சு அவ்வளவுதான். மாடு வயலில் இறங்கப் பார்த்தது, அவர் போய்விட்டார்.

எனக்கு எங்கள் சங்கம் ஞாபகத்துக்கு வந்தது. நான் இருப்பது சென்னை பெசன்ட் நகர், எலியட்ஸ் கடற்கரைக்கு நடந்து போகும் தூரம். எங்கள் தெருக்களுக்கு ஒரு குடியிருப்போர் நலச்சங்கம் உண்டு. அந்த ஆண்டின் பணிகளைத் தொகுத்து அறிக்கையாக எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருந்தது. குறைசொல்ல முடியாத ஆண்டுதான். மக்கும் குப்பை, மக்காத குப்பை பிரித்துக் கொடுக்க எல்லா வீடுகளையும் சம்மதிக்க வைத்தோம். மழைநீர்த் தொட்டிகளைத் தூர் வாரினோம். 2003-ல் அரசு கட்டாயமாக்கியபோது அவசர அவசரமாகத் தோண்டியவை அவை. பலவற்றை அதற்குப் பிறகு யாரும் திறந்தே பார்த்ததில்லை. நடைபாதையில் பெஞ்சு போட்டோம். ஒவ்வொன்றுக்கும் போட்டோ உண்டு, ரிப்பன் உண்டு, சால்வை உண்டு.

கடலோரத்தில் இரும்புக்கு ஆயுசு குறைவு. உப்புக்காற்று பெயின்டுக்கு அடியில் புகுந்துகொள்ளும். பெஞ்சின் போல்ட் முதலில் கொப்பளிக்கும், பிறகு பொடியாகும், ஒருநாள் ஒரு தாத்தா உட்காரும்போது சாயும். அதைப் பார்த்துப் பார்த்து எண்ணெயோ பெயின்டோ தடவ எங்கள் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை, ஆளும் இல்லை. இலத்தூர்ப் பெரியவருக்குச் சங்கம் இல்லை, ஆனால் எந்த மாதத்தில் எதைச் செய்ய வேண்டும் என்ற கணக்கு இருந்தது.

கடற்கரைக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு என்பது எங்களுக்கு விளக்குச் சண்டையில்தான் தெரிந்தது. மணலை ஒட்டி இன்னும் பிரகாசமான விளக்கு வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. ஜனவரி பிறந்ததும் ஆமைக்காக நடக்கிற இளைஞர்கள் வந்து விளக்கை அணைக்கச் சொன்னார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைச் சேகரித்துக் காக்கிற மாணவர் அமைப்பு 1988 முதல் இயங்குகிறது. முட்டையிலிருந்து வருகிற குஞ்சு வெளிச்சத்தை நோக்கித்தான் ஊரும். கடல்மேல் இருக்கிற மங்கிய வெளிச்சத்தைவிடத் தெருவிளக்கு பிரகாசமாக இருந்தால் அது சாலைக்கு வந்து சேரும். கத்திப் பேசி, கோபித்து, கடைசியில் பின்னிரவில் மட்டும், அதுவும் ஆமை வரும் மாதங்களில் மட்டும் அணைப்பது என்று முடிவாயிற்று. அந்த ஆண்டு நாங்கள் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்பது என் கட்சி. அதற்குத்தான் போட்டோ இல்லை. அணைத்த விளக்கை எப்படிப் படம் எடுப்பது?

திறப்புக்கும் பராமரிப்புக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதற்கு மெரினாவில் ஒரு கணக்கு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் சக்கர நாற்காலியில் அலைவரை போய்வர மரப்பாதை ஒன்றை மாநகராட்சி 1 கோடியே 14 லட்சம் ரூபாயில் போட்டு, 2022 நவம்பர் 27 அன்று திறந்தது. டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையேறியது, அலை வந்து பாதையின் முனையைப் பெயர்த்துப் போட்டது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைச் சரிசெய்து மறுபடி திறந்தார்கள், அதுதான் எனக்குப் பெரிய செய்தி. முதல் திறப்பு ஞாபகம் இருக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாவது ஞாபகம் இருக்கும்?

குளத்தைக் காப்பது ஊராரின் கடமை என்ற வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். வெள்ளைக்காரர்கள் அதைச் சட்டத்திலேயே ஏற்றிவிட்டார்கள். 1858-ன் சென்னைச் சட்டப்படி, வழக்கமாகச் செய்யவேண்டிய மராமத்துக்கு வராதவர் தன் உழைப்பின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கு பணம் கட்ட வேண்டும். ஆனால் வழக்கம் தேய்ந்துபோவதை அந்தச் சட்டத்தால் தடுக்க முடியவில்லை. நீரும் மண்ணும் சர்க்காருடையது என்று ஆன பிறகு மம்பட்டியை மட்டும் குடிகள் எடுக்க வேண்டும் என்றால் யார் எடுப்பார்? 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது. முதல் கட்டமாக 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். வண்டல் மண்ணை விவசாயிகள் இலவசமாக அள்ளிக்கொள்ளவும் வழி பிறந்தது. பல குளங்களில் பொக்லைன் இறங்கி ஆழம் கூடியது. ஆழப்படுத்துவதற்கு டெண்டர் விடலாம். ஆடியில் கிரீஸ் பூசுவதற்கு எந்த டெண்டரும் கிடையாது.

மறுநாள் பக்கத்து ஊரான ஆய்க்குடிக்குப் போனேன். அனுமன் நதிக்கரையில் பாலசுப்பிரமணியர் கோயில் இருக்கிற ஊர். அங்கே அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-ல் கடற்படைத் தேர்வின் உடல்திறன் சோதனையில் கழுத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. தனக்கு மருத்துவம் பார்த்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைச் சூட்டினார். ஐந்து குழந்தைகளோடு கீற்றுக்கொட்டகையில் தொடங்கிய பள்ளி, இன்று மறுவாழ்வு, தொழிற்பயிற்சி, கிராமம் கிராமமாகப் போய்க் குழந்தைகளின் வளர்ச்சிக் குறையை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது என்று பரந்து கிடக்கிறது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். வளாகத்தில் எங்கே போனாலும் சரிவுப்பாதை, படிக்கட்டைத் தேடினால்தான் கிடைக்கிறது. சிமென்ட் சரிவுகளின் விளிம்பு தேய்ந்து, தேய்ந்த இடத்தில் மறுபூச்சு பூசியிருந்தது. சென்னையின் கடற்கரைக்குப் பாதை வர 2022 ஆயிற்று. ஆய்க்குடி அதற்கு எவ்வளவோ முன்னால் ஆரம்பித்துவிட்டது.

தென்காசிக்குத் திரும்பியதும் காசி விசுவநாதர் கோயில். வாசலில் நின்றால் எப்போதும் காற்று தள்ளும். மலைக்கணவாய் வழியாக வருகிற காற்று. 1446-ல் பராக்கிரம பாண்டியன் தொடங்கிய கோயில். கோபுரத்தை அவன் ஆரம்பித்து வைக்க, தம்பி குலசேகர பாண்டியன் முடித்தான். 1924-ல் இடி விழுந்து கோபுரம் எரிந்து பிளந்தது. அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் மேலாக அது மொட்டைக் கோபுரம். 1990-ல்தான் மறுபடி முழு உயரத்துக்கு, 178 அடிக்கு, எழுந்தது.

இந்தக் கோயிலில் பராக்கிரம பாண்டியன் வெட்டிவைத்த கல்வெட்டுப் பாடல் பிரசித்தம். பொதுவாக ராஜாக்கள் கல்வெட்டில் தங்கள் வெற்றியைச் சொல்வார்கள், கோயிலுக்குக் கெடுதல் செய்பவன் நரகத்துக்குப் போவான் என்று சபிப்பார்கள். இவன் அதோடு நிற்கவில்லை. பின்னால் எப்போதாவது இந்தக் கோயிலுக்குக் குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் சரி, அவரை உலகம் அறிய இப்போதே வணங்குகிறேன் என்கிறான். கட்டியவன், தனக்குப் பின்னால் வந்து பழுதுபார்க்கப்போகிறவனைக் கும்பிடுகிறான்! பொன்னாடை போர்த்தும் கலையில் நம்மைத் தோற்கடித்துவிட்டான்.

கடைசியில் குற்றாலத்துக்கும் போனேன். பேரருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது, கூட்டமும் அதற்குக் குறைவில்லை. அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் தடை உண்டு. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் மாநிலத்தில் தடை உண்டு. இவ்வளவு இருந்தும் என் காலடியில் கிழித்த ஷாம்பு பாக்கெட் ஒட்டியது. இந்தத் தண்ணீர்தான் சிற்றாறாகி, வழியில் குளங்களை நிரப்பி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து கடலுக்குப் போகிறது. மலையில் போட்டது எங்கே ஒதுங்கும் என்று கடற்கரைக்காரனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர் திரும்பி அறிக்கையை எழுதினேன். கடைசியில் ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்த்தேன். அதற்கு முந்தைய ஆண்டுகளில் செய்தவை ஒவ்வொன்றும் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன, அவற்றைப் பார்த்துக்கொள்வது யார், எந்த மாதத்தில் என்பதற்கான பட்டியல். பாதிக் கட்டங்கள் காலியாகவே அச்சாயின. செயற்குழுவில் சிலருக்கு அது பிடிக்கவில்லை, பொதுக்குழுவில் அதிக நேரம் பேசப்பட்டது அந்தப் பக்கம்தான். உங்கள் தெருவிலும் சங்கம் இருந்தால், அடுத்த கூட்டத்தில் புதிதாக என்ன திறக்கலாம் என்று பேசும் முன்னே இந்தப் பட்டியலைக் கேளுங்கள்.