விழல, உக்காந்துட்டேன்

முதியோர் ஏன் விழுகிறார்கள் என்று தேடும் ஆய்வொன்றில் ஓராண்டு உதவியாளராக வேலை பார்த்தேன். வீவக புளோக்குகளில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டு வர வேண்டும். முதல் கேள்வி: "கடந்த 12 மாதங்களில் எத்தனை முறை விழுந்தீர்கள்?"

பெரும்பாலானவர்கள் இல்லை என்பார்கள். முழங்கையில் பிளாஸ்டர் ஒட்டியிருந்த தாத்தாகூட இல்லை என்றார். "விழலம்மா, கால் தடுக்குச்சு, அவ்ளோதான்."

இந்தத் துறையில் எல்லாரும் முதலில் படிப்பது மேரி டினெட்டி குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வு. 75 வயதைத் தொட்ட, தாண்டிய 336 பேரை ஓராண்டு கவனித்ததில் 32 விழுக்காட்டினர் விழுந்திருந்தார்கள். தூக்க மாத்திரை, கால் பலவீனம், பாதக் கோளாறு, நடைத் தடுமாற்றம் என்று காரணங்கள் ஒன்றோடொன்று சேர்கின்றன. எதுவுமே இல்லாதவர்களில் 8 விழுக்காடு; நான்கோ அதற்கு மேலோ உள்ளவர்களில் 78. இந்த எண்களை ஒப்பிக்கும் அளவுக்கு நான் தேறியிருந்தேன்.

ஒருநாள் அம்மாச்சிக்கு முதுகில் தைலம் தேய்க்கும்போது இடுப்புக்கு மேலே பச்சையாகக் கன்றியிருந்தது.

"என்ன இது?"

"பாத்ரூம்ல வழுக்குச்சு. விழல, உக்காந்துட்டேன்."

அடிபடாவிட்டாலும், நாம் நினைக்காமல் தரைக்குப் போய்விட்டால் அது விழுந்த கணக்குதான் என்றேன்.

"உன் பேப்பர்ல எழுதிக்கடி. மாமாகிட்ட மட்டும் சொல்லிடாத."

வரவேற்பறையில் நாற்காலி போட்டுச் சோதித்தேன். எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடி ஆனாலே கவனம் தேவை. அம்மாச்சிக்கு 16.

"பாஸா?" என்றார்.

மாமாவிடம் சொல்லிவிட்டேன். வீவகவின் 'ஈஸ்' திட்டத்தில் குளியலறையில் கைப்பிடிக் கம்பிகள் வந்தன. தரைக்கு வழுக்காத பூச்சு வந்தது. நல்லதுதான். கூடவே, தேக்கா சந்தைக்குத் தனியாகப் போவதும் நின்றது. அவர் நாள் முழுக்க சோபாவிலேயே இருந்தார். நான்கு மாதம் கழித்து மறுபடி நடக்கச் சொன்னேன். 21 விநாடி.

விழுந்துவிடுவோம் என்கிற பயத்தில் நடையைக் குறைத்தால் கால் பலவீனமாகும், பலவீனமானால் இன்னும் எளிதாக விழுவார்கள். இதைப் பல கட்டுரைகளில் கோடு போட்டுப் படித்திருக்கிறேன். பயம் அம்மாச்சிக்கு இல்லை, எங்களுக்குத்தான் இருந்தது. ஆனால் உட்கார்ந்தே கிடந்து கால் தளர்ந்தது அவருக்கு.

அந்தத் தாத்தா ஏன் இல்லை என்றார் என்பது அப்போதுதான் விளங்கியது. விழுந்தேன் என்று ஒப்புக்கொண்டால் எதெல்லாம் பறிபோகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதன்பிறகு கேள்வியைப் படித்ததும், "வழுக்குச்சா? தடுக்குச்சா? சும்மா உக்காந்துட்டீங்களா?" என்றும் சேர்த்துக் கேட்க ஆரம்பித்தேன். பலர் சிரித்துக்கொண்டே பேசினார்கள். பதிலை வீட்டாரிடம் சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

இப்போது சனிக்கிழமைகளில் நானும் அம்மாச்சியும் தேக்காவுக்குப் போகிறோம். நான் அரை அடி பின்னால் நடப்பேன். மீன்கடைப் பக்கம் தரை ஈரமாக இருக்கும். அங்கே மட்டும் அவராகவே என் கையைப் பிடித்துக்கொள்வார்.

"நீ விழுந்துடாத," என்பார்.