மூக்கால் பேசுகிறாள் என்று சிரிக்காதீர்கள்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் நண்பர்கள் பலரும் காதல், நட்பு, கவிதை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் மெக்கானிக்கல் மாணவன். எனக்குத் தெரிந்தது வால்வுதான். அதைப் பற்றியே எழுதுகிறேன். ஆனால் இது நம் லேபில் இருக்கும் வால்வு அல்ல. உங்கள் வாய்க்குள் இருக்கும் வால்வு!

கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். மேல்வாயின் முன்பகுதி எலும்பு, கெட்டியாக இருக்கும். பின்பகுதி வெறும் சதை. அதன் நுனியில் தொங்குவது உள்நாக்கு. பேசும்போது இந்தச் சதை எழும்பிப் பின்னால் போய், தொண்டைச் சுவரோடு ஒட்டி, மூக்குக்குப் போகும் வழியை அடைத்துவிடுகிறது. காற்று முழுவதும் வாய்வழியே வருகிறது. ங, ஞ, ண, ந, ம, ன ஆகிய ஆறு எழுத்துகளுக்கு மட்டும் அந்தக் கதவு திறக்கும். மெல்லினம் பிறக்கும் இடம் மூக்கு என்று நன்னூல் சொல்வதன் மெக்கானிசம் இதுதான்.

இந்த வால்வு சரியாக மூடவில்லை என்றால்? க, ச, ட, த, ப சொல்ல வாய்க்குள் காற்றழுத்தம் வேண்டும். லீக் இருந்தால் அழுத்தம் ஏது? 'பாப்பா' என்பது 'மாம்மா' போலக் கேட்கும். சிலருக்குக் குடித்த தண்ணீர்கூட மூக்கில் வரும். மருத்துவர்கள் இதை வீலோஃபரிஞ்சியல் இன்சஃபிஷியன்சி என்கிறார்கள். ஊரில் வைக்கும் பெயர் உங்களுக்கே தெரியும்.

இதெல்லாம் நான் தெரிந்துகொண்டது என் தங்கையால். எங்கள் ஊர் தேவிகாபுரம். அப்பா, அம்மா இருவரும் பட்டுத்தறி நெய்கிறவர்கள். வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். தங்கைக்குப் பிறக்கும்போதே மேலண்ணம் பிளந்திருந்தது. ஒரு வயதில் ஆபரேஷன் செய்து மூடினார்கள். "ஓட்டை அடைஞ்சிடுச்சு, இனிமே பேச்சு தானா வந்துடும்" என்று எல்லோரும் நம்பினோம். பேச்சு வந்தது. மூக்கால் வந்தது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வசம்பை உரைத்து நாக்கில் தடவு, நாக்குக்கு அடியில் வெட்டிவிடு, தினமும் பலூன் ஊதச் சொல்லு! கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் இப்படி என்று அம்மா மேல் பழி வேறு. பள்ளியில் ஒரு டீச்சர், "நீ உட்காரும்மா, அடுத்த பொண்ணு படிக்கட்டும்" என்றாராம். பரிதாபப்பட்டுத்தான் சொல்லியிருப்பார். ஆனா அதுக்கப்புறம் இவ வகுப்புல வாயே திறக்கல. ஏழாவது படிக்கும்போது என்னிடம் சொன்னாள்: "ஸ்கூலு வேணாண்ணா. நான் தறியில உக்காந்துக்கறேன். தறி சத்தத்துல யாரும் பேசச் சொல்ல மாட்டாங்க."

அந்த வருஷம் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுதான் வழி காட்டியது. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் குழு அது. பிளவு அண்ணமும் அவர்கள் பார்க்கும் குறைகளில் ஒன்று. அவர்கள் சொல்லித்தான் சென்னைக்குப் போனோம்.

சோதனை எளிமையாகவே தொடங்கியது. மூக்கின் கீழே ஒரு சிறு கண்ணாடி. 'பாப்பா', 'தாத்தா' என்று சொல்லச் சொன்னார்கள். கண்ணாடியில் ஆவி படியக் கூடாது, படிந்தது. பிறகு மூக்கு வழியாக மெல்லிய குழாய் கேமரா விட்டு, பேசும்போது எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று பார்த்தார்கள். ஓட்டை மூடியிருந்தாலும் அண்ணம் குட்டை. தொண்டைச் சுவரை எட்டவில்லை. ஆபரேஷன் ஆன பிள்ளைகளில் 20 முதல் 30 சதவீதம் பேருக்கு இப்படி ஆகிறதாம்.

வேறு காரணங்களும் உண்டு. சிலருக்கு மேல்தோல் சேர்ந்தே இருக்கும், உள்ளே தசை மட்டும் பிளந்திருக்கும். இரண்டாகப் பிரிந்த உள்நாக்கு அதற்கு ஓர் அடையாளம். அடினாய்டு சதையை எடுத்த பிறகு சிலருக்கு வரும். பக்கவாதத்தாலும், பைக் விபத்தில் தலையில் அடிபட்டும் வரலாம். அறிவுக் குறைவுக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். லீக் வால்வில், மூளையில் அல்ல!

வைத்தியம் இடைவெளியைப் பொறுத்தது. அண்ணத்துத் தசையை மாற்றி அமைத்து நீளமாக்கலாம். ஃபர்லோ என்ற அமெரிக்க மருத்துவர் 1986-இல் வெளியிட்ட முறை அப்படிப்பட்டது. தொண்டையின் பின்சுவரிலிருந்து சதை எடுத்து இடைவெளியைக் குறுக்கலாம். ஆபரேஷன் முடியாதவர்களுக்குப் பல்செட் போலக் கழற்றி மாட்டும் கருவி உண்டு.

அதோடு முடியவில்லை. காற்று நிற்காத காலத்தில் பிள்ளைகள் 'க'வையும் 'ப'வையும் தொண்டையில் தப்பாகப் பழகியிருப்பார்கள். அதை ஆபரேஷன் மாற்றாது. பேச்சுப் பயிற்சிதான் மாற்றும். தறியைப் பழுது பார்த்தால் போதுமா, நெய்யவும் பழக வேண்டாமா? பலூன் ஊதினால் வராது. ஊதுவது வேறு, பேசுவது வேறு. பேசித்தான் பழக வேண்டும். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம், டிரான்ஸ்ஃபார்மிங் ஃபேசஸ் அமைப்பின் உதவியோடு, நம் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே உள்ளூர் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்துப் பேச்சுப் பயிற்சி தரும் வேலையைச் செய்திருக்கிறது. ஒவ்வொரு வாரமும் சென்னைக்கு பஸ் ஏறினால் கூலி என்னாகும் என்பது நெசவாளி வீட்டுக்குத்தான் தெரியும்.

தங்கைக்கு இரண்டாவது ஆபரேஷன் ஆனது. வீட்டில் தினமும் அரைமணி நேரம் பயிற்சி, நான்தான் வாத்தியார். 'ச' இன்னும் கொஞ்சம் கசிகிறது. ஆனால் இந்த வருஷம் பத்தாவது எழுதுகிறாள். வகுப்பில் எழுந்து நின்று படிக்கிறாள்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கிறோம். உங்கள் தெருவிலும் மூக்கால் பேசும் ஒரு பிள்ளை இருக்கலாம். கேலி செய்கிறவனைத் தடுங்கள். அதோடு நிற்காமல், அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் போய், "இது கிரகணம் இல்லம்மா, சரி பண்ணலாம்" என்று சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் காட்டச் சொல்லுங்கள். நாம் படித்த படிப்புக்கு அதுவும் ஒரு பயன்தானே!