நெடும்பாசேரியில் வெயில் அறுவடை

பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து கொச்சிக்குப் போகிறவர்கள் அங்கமாலியில் இறங்கினால், சில கிலோமீட்டரில் நெடும்பாசேரி விமான நிலையம். சரக்கு முனையத்தின் அருகே 45 ஏக்கரில் வரிசை வரிசையாகச் சூரியத் தகடுகள். அவற்றின் நடுவே வெண்டையும் பூசணியும் காய்க்கின்றன.

ஜெர்மனியின் நோய்ஹார்டன்பெர்க்கில், ராணுவம் கைவிட்ட விமானதளத்தில் 2012இல் 145 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. கேரளத்தில் அப்படிச் சும்மா கிடக்கும் ஓடுபாதைக்கு எங்கே போவது? 1999 வரை பயணிகள் விமானங்கள் இறங்கிய வெலிங்டன் தீவுத் தளம் இன்னமும் கடற்படையிடம். நெடும்பாசேரிக்காகவோ 822 குடும்பங்கள் வேறிடம் பெயர்ந்தன. அந்த மண்ணில் ஒரு ஏக்கரையும் வீணாக்க முடியாது.

2015 ஆகஸ்டில் 12 மெகாவாட் நிலையம் இயங்கத் தொடங்கியது. முழுக்கச் சூரிய மின்சாரத்தை நம்பும் உலகின் முதல் விமான நிலையம் என்ற பெயரும் வந்தது. இரவில் என்ன செய்வது? பகலில் மிஞ்சுவதை மின்வாரியத்திடம் கொடுத்துவிட்டு, இருட்டியதும் திரும்பப் பெறுகிறார்கள்.

அந்த நேரத்தில் மாநிலத்துக்குக் கைகொடுப்பது இடுக்கி அணை நீரில் சுழலும் 780 மெகாவாட் மூலமற்றம் மின்நிலையம். மழை பொய்த்தால் இடுக்கியும் கைவிரிக்கும். பகல் வெயில் மிச்சப்படுத்தும் தண்ணீர்தான் அப்போது கையிருப்பு.