சுவரிடுக்கில்

காவாந்தண்டலத்தில் ஒரு மூதாட்டியின் இல்லத்தில் இரவுச் செபம் முடித்து எழுந்தபோது என் முன்கையில் நமைச்சல் தொடங்கியிருந்தது. பேரனின் முதுகெங்கும் சிவந்த தடிப்புகள். கோழிச் செள்! எட்டுக் காலும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உடலும் கொண்டது. பகலில் சுவரிடுக்கில் பதுங்கி, இரவில் இரத்தம் உறிஞ்சும். இரையின்றியே பல மாதங்கள் உயிர்வாழும்.

“கோழிகளை விற்றுவிடுங்கள், அம்மா” என்று எளிதாகச் சொல்லிவிட்டேன்.

“முட்டை வித்த காசுலதானே சாமி அரிசி வாங்குறேன்.”

வெட்கினேன். (சிட்டுக்குருவிகளைப் பற்றி மறையுரையில் முழங்குபவனாயிற்றே!)

அடைகாத்த வைக்கோலை எரித்தோம். கூட்டை வீட்டைவிட்டுத் தள்ளி அமைத்தோம். இடுக்குகளில் கொதிநீர் ஊற்றிச் சுண்ணாம்பு பூசினோம். வெயில் காலத்தில் ஒரே வாரத்தில் முட்டை முழுச் செள்ளாகிவிடுமாதலால், ஏழாம் நாளும் ஊற்றினோம்.

மூன்றாம் முறைக்குப் பின்னும் பேரன் இரவில் சொறிகிறானாம். சனிக்கிழமை மறுபடி செல்ல வேண்டும்.