தோட்டத்தில் ஓர் 'ஆண்டர்சன்'... ரயில் நிலையத்தில் 19 படிகள்! - லண்டனின் ஷெல்டர் கதை

"குண்டு விழுந்த ராத்திரியெல்லாம் நாங்க ஆண்டர்சன்லதான் படுத்திருந்தோம்" என்று லண்டன் பெரியவர் யாராவது சொன்னால், ஆண்டர்சன் என்பது பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். அது தோட்டத்தில் பாதி புதைத்து வைத்த ஒரு தகரக் கூண்டு. நகலை நாம் 'ஜெராக்ஸ்' என்கிறோம், மண் அள்ளும் வண்டியை 'ஜேசிபி' என்கிறோம் இல்லையா... அதே கதைதான்.

முழுப்பெயர் 'ஆண்டர்சன் ஷெல்டர்'. இரண்டாம் உலகப் போர் தொடங்கும் முன், வான்வழித் தாக்குதலில் இருந்து மக்களைக் காக்கும் ஏற்பாடுகளுக்குப் பொறுப்பாக இருந்த சர் ஜான் ஆண்டர்சனின் பெயர் அது. மனிதர் இந்தியாவுக்குப் புதியவர் அல்ல. 1932 முதல் 1937 வரை வங்காளத்தின் கவர்னர். 1934-ல் டார்ஜிலிங் அருகே லெபாங் குதிரைப் பந்தய மைதானத்தில் வங்கப் புரட்சியாளர்கள் சுட்டபோது உயிர் தப்பியவர். வங்காளத்தில் அடக்குமுறைக்குப் பேர்போன ஒருவர், லண்டனில் உயிர் காத்த தகரத்துக்குப் பெயராகிப் போனார்!

வளைந்த தகர ஷீட்டுகளை உச்சியில் போல்ட் போட்டு இணைக்க வேண்டும். நாலு அடி பள்ளம் தோண்டி அதில் இறக்கி, மேலே ஒன்றேகால் அடிக்கு மண் மூட வேண்டும். உயரம் 6 அடி, நீளம் ஆறரை அடி, அகலம் நாலரை அடி. இதற்குள் 6 பேர்! ஆண்டு வருமானம் 250 பவுண்டுக்குள் இருந்தால் இலவசம், மற்றவர்களுக்கு 7 பவுண்டு. போர் தொடங்குவதற்குள் சுமார் 15 லட்சம் கூண்டுகள் வீடு வீடாகப் போய்விட்டன. மழை பெய்தால் உள்ளே தண்ணீர் நிற்கும். குளிர் வேறு. ஆனாலும் மேலே மூடிய மண்ணில் காய்கறி போட்டு வளர்த்தார்கள்.

இதை 'பங்கர்' என்று சொல்லலாமா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வாசம் வேறு. 'ஷெல்டர்' என்றால் சாதாரண மக்கள் ஒதுங்கும் இடம். 'பங்கர்' என்றால் காங்கிரீட், ராணுவம், தலைவர்கள் என்றுதான் அங்கே மனதில் ஓடும். ஈழத்தமிழர்களிடம் கதை வேறு. பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கி வீட்டு வளவுக்குள் வெட்டிய பதுங்குகுழிதான் அவர்களுக்கு 'பங்கர்'. அந்த வகையில் ஆண்டர்சனுக்கு நெருங்கிய சொந்தம் அதுதான்.

சரி, ஆண்டர்சன் புதைக்கத் தோட்டம் வேண்டுமே... இல்லாதவர்கள்?

1941-ல் அவர்களுக்காக வந்தது 'மாரிசன் ஷெல்டர்'. இதுவும் அமைச்சர் ஒருவரின் பெயர்தான், ஹெர்பர்ட் மாரிசன். மேலே இரும்புத் தகடு, சுற்றிலும் கம்பிவலை. பகலில் சாப்பாட்டு மேசை, இரவில் அதற்கடியில் படுக்கை. ஆனால், லண்டன் மீது தொடர் குண்டுவீச்சு ஆரம்பித்தது 1940 செப்டம்பர் 7-ல். முதல் அடி வாங்கியது துறைமுகத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த கிழக்கு லண்டன். மேசை வரும்வரை அந்த மக்கள் எங்கே போவார்கள்?

ஒரு கூட்டம் நேராக சவாய் ஹோட்டலுக்குப் போனது! அந்த ஆடம்பர ஹோட்டலின் அடித்தளத்தில் வசதியான ஷெல்டர் இருந்தது. அதே செப்டம்பரில், கம்யூனிஸ்ட் தலைவர் ஃபில் பிராட்டின் தலைமையில் கிழக்கு லண்டன்காரர்கள் குழந்தைகளோடு உள்ளே நுழைந்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குப் பிடித்த போராட்டங்களில் இதுவும் ஒன்று.

மற்றவர்கள் சுரங்க ரயில் நிலையங்களுக்கு ஓடினார்கள். அரசு முதலில் அனுமதிக்கவில்லை. கீழே இறங்கினால் மக்கள் மேலே வரவே மாட்டார்கள், வேலை கெடும் என்பது அதன் கவலை. மக்களோ மலிவான டிக்கெட்டை வாங்கி, பிளாட்பாரத்தில் பாய் விரித்துவிட்டார்கள். அரசுதான் இறங்கி வந்தது. சினிமாவில் பார்த்துப் பார்த்து லண்டனே சுரங்கத்தில் தூங்கியதாக நினைக்கிறோம். ஆனால், அந்த நவம்பரில் எடுத்த கணக்கெடுப்பில் அப்படித் தூங்கியவர்கள் 100-க்கு 4 பேர்தான். 60 பேர் எந்த ஷெல்டருக்கும் போகவில்லை.

லண்டன் போகிறவர்கள் டவர் பிரிட்ஜ் பார்த்த கையோடு, சென்ட்ரல் லைன் ரயிலில் லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்கு அடுத்த நிறுத்தமான பெத்னல் கிரீனில் இறங்குங்கள். போர்க்காலத்தில் இது பாதி கட்டிய நிலையம். ரயில் ஓடவில்லை. அதனால் முழுக்க ஷெல்டர்தான். ஆயிரக்கணக்கான படுக்கைகள், குழந்தைகளுக்கு ஒரு நூலகம்கூட இருந்தது. உள்ளே போக ஒரே ஒரு வாசல், 19 படிகள். நடுவில் கைப்பிடி கிடையாது. வெளிச்சத்துக்கு மங்கலான ஒற்றை பல்பு. வாசலைச் சரிசெய்ய 1941-லேயே உள்ளூர் நிர்வாகம் அனுமதி கேட்டது. கிடைக்கவில்லை.

1943 மார்ச் 3 இரவு. மழையில் படிகள் நனைந்திருந்தன. பெர்லின் மீது பிரிட்டன் குண்டு வீசி இரண்டே நாள், பதிலடி வரும் என்ற பயம். சைரன் ஒலித்ததும் கூட்டம் இறங்கத் தொடங்கியது. பக்கத்து விக்டோரியா பூங்காவில் இருந்து, மக்கள் அதுவரை கேட்டிராத பேரோசை. நம்முடைய ராணுவம் சுட்ட புதுவகை ராக்கெட் என்று யாருக்குத் தெரியும்? கூட்டம் முண்டியது. கடைசிப் படிகளில் குழந்தையோடு ஒரு பெண் தடுக்கி விழ, அவர்மேல் அடுத்தவர், அவர்மேல் அடுத்தவர்...

173 பேர் இறந்தார்கள். அதில் 62 பேர் குழந்தைகள். அன்று அந்தப் பகுதியில் ஒரு குண்டுகூட விழவில்லை.

எந்த இடம் என்றே பத்திரிகைகளில் வரவில்லை. விசாரணை அறிக்கையும் அப்போது ரகசியமாகவே வைக்கப்பட்டது. கைப்பிடி மட்டும் பிறகு சீக்கிரமே வந்தது.

நிலையத்துக்கு வெளியே பூங்காவின் மூலையில், 2017-ல் நிறைவடைந்த நினைவுச்சின்னம் இருக்கிறது. அதே படிக்கட்டு, அதே அளவில், தலைகீழாகத் தொங்குகிறது. பக்கங்களில் இறந்தவர்களின் பெயர்கள், கூரையில் ஆளுக்கு ஒன்றாக 173 துளைகள். வெயில் இருக்கும் நேரமாகப் போங்கள், துளை வழியே வெளிச்சம் இறங்குவதைப் பார்க்கலாம். இரண்டடி தள்ளி, பழைய படிக்கட்டில் ஆபீஸ் போகிறவர்கள் போனைப் பார்த்தபடி இறங்கிக்கொண்டிருப்பார்கள்.