எத்தனை இறாத்தல் காற்று?

அப்புத்தளையில் வாழ்பவர்களுக்கு ஏற்றமும் இறக்கமும் புதியனவல்ல. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,430 மீற்றர் உயரத்திலுள்ள எங்கள் ஊரில், கடைக்குப் போவதும் ஏற்றந்தான். வீடு திரும்புவதும் ஏற்றந்தான் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இத்தகைய ஊரில் துவிச்சக்கர வண்டியின் டயருக்கு எவ்வளவு காற்று அடிப்பது என்பது அற்ப விஷயமன்று. அதை என் மகனுடைய கை எலும்பின் விலை கொடுத்தே நான் கற்றுக்கொண்டேன்.

என் தந்தையார் தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி. அவரிடம் ஒரு பழைய வண்டி இருந்தது. கடைவீதியில் வாங்கிய அரிசி மூட்டையைப் பின்னால் கட்டி, ஏற்றத்தில் தள்ளியும் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்து மெல்ல உருட்டியும் லயத்துக்குக் கொண்டுவருவார். “காற்று கல்லுப்போல இருக்க வேண்டும்” என்பது அவருடைய உபதேசம். அதை நான் வேதவாக்காகக் கொண்டிருந்தேன்.

என் மகனுக்கு இப்போது பதினேழு வயது. பருத்த டயர் பூட்டிய மலைப்பாதை வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கி, லிப்டன் சீட் உச்சியிலிருந்து தம்பேதன்னைப் பக்கமாகத் தேயிலைச் சரிவுகளில் வேகமாக இறங்குவதில் அவனுக்குப் பெருவிருப்பம். ஒருநாள் இரவு, அவனுக்கு உதவி செய்வதாக எண்ணி, இரு சக்கரங்களுக்கும் 40 இறாத்தல் வரை காற்றடித்து வைத்தேன். காலையில் அவன் டயரை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “அப்பா, இது கூடிப்போச்சு. கொஞ்சம் இறக்கட்டுமா?” என்றான்.

“பௌதிகம் படிப்பிக்கிறவன் நானா, நீயா?” என்று கேட்டேன். அவன் மறுவார்த்தை பேசாமல் புறப்பட்டான்.

மூடுபனியில் நனைந்திருந்த கற்பாதையின் வளைவொன்றில் முன்சக்கரம் வழுக்கிவிட்டது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள்தாம் அவனைத் தூக்கிக் கீழே கொண்டுவந்தார்கள். தலைக்கவசம் தலையைக் காத்தது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் பிளாஸ்டர்.

வண்டியைத் திருத்தக் கொண்டுபோனபோது, கடைக்காரப் பெரியவர் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். “சேர், மூட்டை ஏத்துற சைக்கிளுக்கு அடிக்கிற காத்த, இந்தப் புள்ளைக்கு அடிச்சிருக்கீங்களே!” என்றார். அவர் எந்தக் கல்லூரியிலும் பௌதிகம் படித்தவரல்லர்.

அன்றிரவு நான் வகுப்பிலே பலமுறை போட்ட கணக்கையே எனக்கு நானே போட்டுப் பார்த்தேன். மகனும் வண்டியும் சேர்ந்து ஏறத்தாழ 160 இறாத்தல். ஒரு சக்கரத்துக்குச் சராசரி 80. சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தல் அமுக்கமானால், டயர் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறக்குறைய இரண்டு சதுர அங்குலமே. அமுக்கத்தை 25 ஆக்கினால் அது மூன்றுக்கும் மேலாகிறது. அதுமட்டுமன்று. இறுகிய டயர் கல்லின்மேல் துள்ளுகிறது. துள்ளும் கணத்தில் அதற்குப் பிடிப்பே இல்லை. இளகிய டயரோ கல்லைத் தழுவிக்கொண்டு உருள்கிறது.

அப்படியானால் காற்றை மேன்மேலும் குறைக்கலாமே என்று மாணவர்கள் கேட்கக்கூடும். அதற்கும் எல்லை உண்டு. மிகக் குறைந்தால் கூரிய கல் டயரை நசுக்கி விளிம்பிலே மோதும். இடையில் அகப்பட்ட டியூபில் பாம்பின் பற்கள் பட்டதுபோல இரண்டு துளைகள் விழும். வளைவிலே டயர் பக்கவாட்டில் நெளிந்து விளிம்பைவிட்டு விலகவும் கூடும். ஆகவே, உடற்பாரம், டயரின் பருமன், பாதையின் தன்மை ஆகிய மூன்றையும் நோக்கியே அளவைத் தீர்மானிக்க வேண்டும். ஓட்டுபவரின் பாரமும் கல்லின் இடியும் பின்சக்கரத்தையே மிகுதியாகத் தாக்குவதால், முன்சக்கரத்தைவிட அதற்கு இரண்டு மூன்று இறாத்தல் கூடுதலாக விடுவது வழக்கம். முன்சக்கரத்துக்கோ பிடிப்பே பிரதானம். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் விழவேண்டியதுதான். உயரமும் குளிரும் அளவைச் சிறிது மாற்றும். ஆதலால் புறப்படும் இடத்திலேயே அளந்து பார்ப்பது நன்று.

1887-ஆம் ஆண்டு பெல்பாஸ்ட் நகரில் ஜோன் பொய்ட் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைச் செய்தார். தம் சிறு மகனுடைய முச்சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்பதே அவர் நோக்கம். மூன்றாண்டுகளின் பின், 1890-இல், லிப்டன் இங்கே தம்பேதன்னைத் தொழிற்சாலையைக் கட்டுவித்தார். மகனின் பயணத்தை மென்மையாக்க ஒரு தந்தை கண்ட சாதனத்தை, நான் என் மகனுக்குக் கல்லாக்கிக் கொடுத்துவிட்டேன்!

என் தந்தையார் சொன்னது பிழையன்று. மெல்லிய டயரும் அரிசி மூட்டையும் கொண்ட அவர் வண்டிக்கு அதுவே சரி. அவர் சொல்லை நினைவில் வைத்த நான், அவர் சுமந்த மூட்டையை மறந்துவிட்டேன்.

பிளாஸ்டரை அகற்றிச் சில வாரங்கள் கழிந்தபின், வைத்தியர் அனுமதித்த நாளிலே, மகன் மீண்டும் வண்டியை எடுத்தான். கையிலே பம்புடன் அவன் அருகில் நின்ற நான் ஒரு கணம் தயங்கிப் பின் கேட்டேன்:

“எத்தனை இறாத்தல், தம்பி?”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். “முன்னுக்கு இருபத்தைந்து, பின்னுக்கு இருபத்தெட்டு, அப்பா” என்றான்.

அவன் சொன்ன அளவுக்கே அடித்தேன்.